அந்த நிலம் யார் பெயரில் இருக்கும்?

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருமுனையில் ஒரு விளையாட்டுத் திடல் பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கிறது. இப்போது மாநகராட்சி அதில் குறைந்த வாடகைக் குடியிருப்பு கட்டப்போகிறதாம். அதை எதிர்த்து ஒரு மனு சுற்றுகிறது. குழந்தைகளுக்கு இருக்கிற ஒரே இடமும் போய்விடுமே என்று எனக்கும் வருத்தம்தான். வண்டி நிறுத்த இடம் போதாது, வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்களோ என்றெல்லாம் அக்கம்பக்கத்தில் பேச்சு. ஆனால் என்னோடு மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியர் ஒருவர் வாடகை கட்டுப்படியாகாமல் இரண்டு மணி நேரத் தொலைவுக்குக் குடிபோய்விட்டார். நான் கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சில வாரங்களாக எனக்குள்ளும் இதே விஷயம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் உடனே எழுதுகிறேன்.

வண்டி நிறுத்துவது பேசித் தீர்க்கக்கூடியது, விடுங்கள். ‘வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்களோ’ என்பதை அப்படி விட முடியாது. வரப்போகிறவர் உங்கள் செவிலியர்தான். இரவுப் பணி முடித்து, பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி வீடு போய்ச் சேருகிறவர். அக்கம்பக்கத்துப் பேச்சு என்று எழுதிவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்கிறீர்கள். அவர்கள் பேசியபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? கடிதத்தில் அதைக் காணோம்.

திடலைப் பற்றிய உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருமுறை போய் ஊஞ்சலுக்கு அடியில் பாருங்கள். பிள்ளைகள் ஆடுகிற ஊஞ்சல் என்றால் கால் தேய்த்துத் தேய்த்து அங்கே குழி விழுந்திருக்கும், புல் ஒட்டாது. உங்கள் திடலில் அந்தக் குழியே தூர்ந்து போயிருக்கும். முதலில் குழாயில் தண்ணீர் வராமல் நின்றுபோகும், அப்புறம் கழிப்பறைக்குப் பூட்டு விழும், உடைந்த சறுக்குமரத்தை யாரும் மாற்ற மாட்டார்கள். கடைசியில் ‘யாரும் வருவதில்லை’ என்று கோப்பில் எழுதுவார்கள். இதை மாற்ற முடியாது என்றில்லை. ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் 1990களில் ஆய்வு செய்து பார்த்தபோது, ஒன்பது வயதுக்குப் பிறகு சிறுமிகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவது தெரிந்தது. சிறுவர்கள் விஷயத்தில் அப்படி இல்லை. 1999இல் இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தார்கள். பெரிய வெளியைச் சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், நடைபாதைகளைக் கூட்டினார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். உங்கள் திடலுக்கும் இப்படி ஏதாவது செய்யச் சொல்லி மனு போட்டிருக்கலாம். அப்போது உங்கள் தெருவில் யாருக்கும் அது தோன்றவில்லை.

அதே வியன்னாவில் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பை 1927 முதல் 1930 வரை கட்டினார்கள். 1,382 வீடுகள். நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் கட்டடம். மீதி முழுக்க முற்றமும் தோட்டமும் பிள்ளைகள் விளையாடும் இடமும். ஆகவே வீடா, திடலா என்று சண்டை போடுவதில் எனக்கு அக்கறை இல்லை. கட்டத் தெரிந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே கட்டுவார்கள். அதைவிடப் பெரிய விஷயம், கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் கழித்தும் அவை நகராட்சியின் வாடகை வீடுகளாகவே இருக்கின்றன. நகரம் அவற்றை விற்கவில்லை.

பிரிட்டனில் 1980ஆம் ஆண்டுச் சட்டம், உள்ளாட்சி வீடுகளில் குடியிருந்தவர்கள் தள்ளுபடி விலையில் அவற்றை வாங்கிக்கொள்ள வழி செய்தது. வாங்கிய குடும்பங்களைக் குறை சொல்ல மாட்டேன், சொந்த வீடு யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் விற்ற அளவுக்குப் புதிதாகக் கட்டவில்லை. அவற்றில் ஏராளமானவை கைமாறி, இன்று தனியார் வாடகைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் அந்த விற்பனையை நிறுத்தின. அதற்குள் போனது போனதுதான். அமெரிக்காவில் மலிவு வாடகை வீடு கட்டுகிறவர்களுக்காக 1986இல் வந்த வரிச்சலுகைத் திட்டத்தில் முதலில் 15 ஆண்டுகளுக்கு மட்டுமே வாடகைக் கட்டுப்பாடு இருந்தது, பிறகுதான் அதைக் குறைந்தது 30 ஆண்டுகள் ஆக்கினார்கள். முப்பது ஆண்டுகள் என்றால், அங்கே பிறந்த குழந்தை தன் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் வயதில் வாடகை ஏறும்.

எனக்கு இது ஏட்டுப் பேச்சு இல்லை. நான் வளர்ந்ததும் இப்படிக் கெடு வைத்த ஒரு குடியிருப்பில்தான். கெடு முடிந்ததும் கதவுக்கடியில் ஒரு தாளைத் தள்ளிவிட்டுப் போனார்கள். அப்பா அதைப் படித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எதிர்வீட்டுப் பையன் பரீட்சைக்கு நடுவில் ஊரைவிட்டுப் போனான். நாங்கள் போன அடுத்த வீட்டில் அம்மா சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. தாத்தா படம் பல வருடம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ‘எதற்கு, மறுபடி கழற்றத்தானே வேண்டும்’ என்பாள்.

அதனால்தான் மலிவு வீடு என்று யாராவது அறிவித்தால், எத்தனை வீடு என்று நான் முதலில் கேட்பதில்லை. நிலம் யார் பெயரில் இருக்கும் என்றுதான் கேட்பேன். பொது நிலத்தை ஒரு நிறுவனத்துக்கு விற்று, அது கொஞ்ச காலம் மலிவாக வாடகைக்கு விட்டு, பிறகு சந்தை விலைக்குப் போகலாம் என்றால், உங்கள் பிள்ளைகளும் இழந்தார்கள், அந்தச் செவிலியரின் பிள்ளைகளும் இழப்பார்கள். நிலம் மாநகராட்சியிடமே இருக்கட்டும். கட்டுகிறவருக்குக் குத்தகைக்குக் கொடுக்கட்டும். வாடகைக் கட்டுப்பாட்டுக்குக் கெடு வேண்டாம்.

சரி, உங்கள் கேள்வி. அந்த மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் அந்தச் செவிலியரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒப்பந்த வரைவின் நகலைக் கேளுங்கள். நிலம் விற்பனையா, குத்தகையா? வாடகைக் கட்டுப்பாடு எத்தனை ஆண்டு? முற்றத்தில் பிள்ளைகள் விளையாட ஒதுக்கிய இடம் வரைபடத்தில் எங்கே, அது வீட்டு ஜன்னல்களுக்கு எதிரே இருக்கிறதா, தெருப் பிள்ளைகளும் உள்ளே வரலாமா? வாயால் சொல்லும் பதிலோடு திரும்பி வராதீர்கள், எழுதி வாங்குங்கள். அது கையில் கிடைத்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.