தூண்டிலுக்கும் உரிமமா?

கேள்வி: எச்-1பி விசாவில் டெக்சாஸில் வேலை பார்க்கும் என் மகன், ஏரியில் தூண்டில் போடவே உரிமம் வேண்டும் என்கிறான். இப்போது நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போகவும் ஆசைப்படுகிறான். அவன் துப்பாக்கியைத் தொடலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: மகன் சொல்வது சரிதான். டெக்சாஸின் பொது நீர்நிலைகளில் மீன் பிடிக்க, 17 வயது நிரம்பியவர்கள் மாநில உரிமம் பெற வேண்டும். மாநிலப் பூங்காவின் கரையில் நின்று தூண்டில் போடுவோருக்கு விலக்கு உண்டு. வேட்டைக்கோ சிறுவர்களுக்கும் உரிமம் தேவை. 1971 செப்டம்பர் 2 முதல் பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும் என்பது பொது விதி.

துப்பாக்கி விஷயத்தில்தான் சிக்கல். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. நண்பரிடம் இரவல் வாங்கினாலும் தடைதான். ஆனால் ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, நடப்பிலுள்ள வேட்டை உரிமம் கையில் இருந்தால், அதே சட்டம் அவர்களுக்கு விலக்கு அளிக்கிறது. டெக்சாஸின் ஆண்டு வேட்டை உரிமத்தை எந்த மாதம் வாங்கினாலும் அது ஆகஸ்ட் 31 அன்று காலாவதியாகிவிடும். அதோடு அந்த விலக்கும் போய்விடும். 2021 முதல் டெக்சாஸில் 21 வயதானவர்கள் அனுமதிச் சீட்டின்றிக் கைத்துப்பாக்கி ஏந்தலாம் என்று நண்பர்கள் தைரியம் சொல்வார்கள். அச்சலுகை, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தடையில்லாதவர்களுக்கே பொருந்தும். விசாவையே பாதிக்கக்கூடிய விஷயம் என்பதால், காட்டுக்குக் கிளம்புமுன் அவர் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்ளட்டும்.