டியூபாவுக்கு ஸ்டாண்டு வாங்குவதற்கு முன் அதன் கால்களை அளந்து பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் உயர்நிலை 1 படிக்கும் என் மகள் பள்ளி பேண்டில் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியம் வாசிக்கிறாள். விடுமுறையில் பள்ளியின் வாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பயிற்சி செய்யப்போகிறாள். சாயாமல் உறுதியாக நிற்கும் ஸ்டாண்டு எது? வீட்டில் இரண்டு வயதுப் பையனும் இருக்கிறான்.

பதில்:

நானும் உயர்நிலைப் பள்ளியில் பேண்டை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்து டியூபாவில் போய்ச் சிக்கியவன்தான். இப்போது ஒரு சமூக மன்றப் பேண்டில் வாசிக்கிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் டியூபாவோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று ஓரளவு தெரியும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

'டியூபா ஸ்டாண்டு' என்று தேடினால் இரண்டு வகைச் சாமான்கள் கலந்து வரும். ஒன்று, வாசிக்காத நேரத்தில் வாத்தியத்தை நிறுத்தி வைப்பது. அடியில் ஒரு தொட்டில், பின்னால் சாய்ந்துகொள்ள இரண்டு கைகள், கீழே விரியும் கால்கள். இன்னொன்று, வாசிக்கும்போது எடையை மடியிலிருந்து இறக்குவது. ஒரு தண்டு, உச்சியில் சின்னத் தாங்கி, அவ்வளவுதான். இரண்டாவது வகையிலும் சிலவற்றுக்கு மூன்று கால் இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். டியூபாவை அதில் வைத்துவிட்டுக் கையை எடுத்தால் போயிற்று.

நீங்கள் கேட்டது முதல் வகை. உங்கள் மகளுக்கு உண்மையில் தேவைப்படுவது இரண்டாவதாக இருக்கலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சாயாமல் நிற்பதைப் பற்றி. அட்டைப்பெட்டியில் இத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருப்பது கம்பி வளையாது என்பதற்கான உறுதி. கவிழாது என்பதற்கு அல்ல. வழக்கமான அளவு டியூபா ஒன்று 9 முதல் 11 கிலோ வரை இருக்கும். அந்த எடையை இந்த ஸ்டாண்டுகளில் பெரும்பாலானவை தாங்கிவிடும். கவிழுமா இல்லையா என்பது வேறு கணக்கு: ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கால் நுனிகளை இணைத்துக் கோடு போட்டால் அந்த எல்லைக்கு எவ்வளவு உள்ளே இருக்கிறது.

மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றில் ஒவ்வொரு காலும் நடுவிலிருந்து 35 செ.மீ. நீண்டிருக்கிறது என்று வையுங்கள். பார்வைக்கு நல்ல அகலம்தான். ஆனால் இரண்டு கால்களுக்கு இடைப்பட்ட பக்கம் பார்த்துத் தள்ளினால், அந்த இரண்டு நுனிகளையும் இணைக்கும் கோட்டின் மேல்தான் அது புரளும். அந்தக் கோடு நடுவிலிருந்து வெறும் 17.5 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. காலின் நீளத்தில் சரிபாதி! அதே நீளத்தில் நான்கு கால் இருந்தால் இந்தத் தூரம் கிட்டத்தட்ட 25 செ.மீ., ஐந்து கால் என்றால் 28. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கும்போது மூன்று கால் ஸ்டாண்டு 16 டிகிரி சாய்ந்ததும் விழுந்துவிடும். ஐந்து கால் 25 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், ஒரு அளவுநாடா எடுத்துக்கொண்டு போங்கள்.

அதற்காக மூன்று கால் வேண்டாம் என்று சொல்லவில்லை. தரை சமமாக இல்லாத இடத்தில் மூன்று கால் ஆடாது, நான்கும் ஐந்தும் ஆடும். வாங்குவது மூன்று காலாக இருந்தால் 45 செ.மீ. நீளத்துக்குக் குறையாமல் பாருங்கள். டியூபா பின்னால் சாய்ந்திருக்கும் பக்கம் நோக்கி ஒரு கால் நேராக நீண்டிருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் இரண்டு கால்களுக்கு நடுவே முதுகு வருகிற மாதிரி வைத்துவிட்டு, ஸ்டாண்டு சரியில்லை என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தொட்டிலின் உயரத்தை மாற்ற முடிந்தால் எப்போதும் கடைசிவரை இறக்கியே வையுங்கள். ஒவ்வொரு செ.மீ.யும் கணக்கில் வரும். ஸ்டாண்டின் சொந்த எடையும் உதவும், அதுவும் எடை கீழே இருந்தால். பையில் மடித்துப் போடலாம் என்று விளம்பரப்படுத்தும் இலேசானவை மேடைக்கு எடுத்துப்போக வசதி. ஒரே மூலையில் நிற்கப்போகிற ஸ்டாண்டு கனமாக இருப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். டியூபாவின் பெல், அதாவது சத்தம் வெளிவரும் விரிந்த வாய், சுமார் 45 செ.மீ. விட்டம் கொண்டது. அதைக் கவிழ்த்து, பெல் தரையில் படும்படி நிறுத்தினால் எல்லாப் பக்கமும் 22.5 செ.மீ. அடித்தளம் கிடைக்கிறது. நான் மேலே சொன்ன 45 செ.மீ. மூன்று கால் ஸ்டாண்டு தருவதும் அதேதான்! டியூபா வாசிப்பவர்கள் பலர் இடைவேளையில் வாத்தியத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவது சோம்பலால் மட்டும் அல்ல. வழுக்காத யோகா விரிப்பு ஒன்று அடியில் இருந்தால் போதும். துண்டு விரித்தால் டைல்ஸில் அதுவே வழுக்கிக்கொண்டு போகும். விளிம்பில் கொஞ்சம் லாக்கர் பூச்சு தேயும் என்பது உண்மைதான்.

டியூபாவின் சின்னத் தம்பியான யூஃபோனியத்துக்கு இந்த யோசனை சரிவராது. அதன் பெல் சுமார் 30 செ.மீ.தான், அதாவது ஆரம் 15. கவிழ்த்து வைத்தால் நாற்காலி உரசினாலே சாயும். எடை டியூபாவில் பாதிகூட இல்லாத யூஃபோனியத்துக்குத்தான் நல்ல ஸ்டாண்டு அதிகம் தேவை என்பது என் கருத்து. எடையைப் பார்த்து எல்லாரும் நேர்மாறாக நினைக்கிறார்கள்.

அப்புறம், வாத்தியம் ஸ்டாண்டைத் தொடும் இடங்கள். பெல்லின் தகடு மெல்லியது, அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். சாய்வுக் கைகள் பெல்லின் கழுத்தில் அழுத்தாமல் கனமான வளைகுழாயில் படுகிறதா என்று பாருங்கள். சுழல் வால்வு (விரலால் அழுத்தினால் சுழன்று காற்றின் பாதையை மாற்றுவது) வைத்த டியூபாக்களில் நான்காவது வால்வின் குழாய் கீழே இறங்கி வருவதுண்டு. தொட்டிலின் விளிம்பு அதையோ தண்ணீர் வடிக்கும் சாவியையோ அழுத்தக் கூடாது. டியூபா முக்கால் அளவா, முழு அளவா, அதற்கும் மேலா என்பதைப் பொறுத்து அடிவளைவின் அகலம் மாறும். அதனால் இன்னொருவர் டியூபாவுக்குப் பொருந்திய ஸ்டாண்டு உங்களுக்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். வாத்தியம் வெள்ளி முலாம் பூசியதா? அப்படியென்றால் ரப்பர் உறைகளின் மேல் பருத்தித் துணி சுற்றுங்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். கம்பளித் துணியும் அதே வேலையைச் செய்யும், வேண்டாம்.

விழுந்தால் என்ன ஆகும்? பெல் நசுங்குவது பார்க்கத்தான் பயங்கரம். பழுதுபார்ப்பவர் அதை உருட்டி ஓரளவு பழையபடி கொண்டுவந்துவிடுவார். ஊதுவாய்க்கு அருகில் இருக்கும் ஒடுங்கிய குழாயிலோ வால்வுப் பக்கத்திலோ அடிபட்டால்தான் வேலை பெரிது. பற்றவைத்ததைப் பிரித்து எடுக்கவேண்டி வரும், சத்தமும் கெடும். பின்பக்கம் சாய்ந்து விழுவதைவிட வால்வுப் பக்கம் விழுவது மோசம் என்பதால், எந்த ஸ்டாண்டாக இருந்தாலும் வால்வுப் பக்கம் அறையின் நடுவை நோக்காமல் சுவரைப் பார்த்து இருக்கட்டும்.

நிறுவனம் என்று கேட்டால், ஜெர்மனியின் வெர்ட்ஹைம் நகரில் 1949இலிருந்து ஸ்டாண்டு செய்துவரும் கே அண்ட் எம், தைவானின் ஹெர்குலிஸ், இவை இரண்டும்தான் இசைக்குழுக்களில் அதிகம் கண்ணில் படுகின்றன. இரண்டிலும் நல்ல மாதிரிகள் உண்டு. பெயரைவிட அந்த மாதிரியின் கால் நீளமும் பூட்டுத் திருகும்தான் எனக்கு முக்கியம். கடையில் எல்லாத் திருகையும் இறுக்கிவிட்டு, தண்டைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். காலியாக இருக்கும்போதே இணைப்பில் ஆட்டம் இருந்தால், 10 கிலோ ஏறியபின் அந்த ஆட்டம் மேலே பெல்லில் பல மடங்காகத் தெரியும். முடிந்தால் டியூபாவையே கொண்டுபோய் ஏற்றி, ஒருவர் காவலுக்கு நிற்க, பெல்லின் விளிம்பை ஒரு விரலால் எல்லாத் திசையிலும் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள்.

இனி உங்கள் வீட்டு நிலவரம். இரண்டு வயதுப் பையன் இருக்கும் வீட்டில் எந்த ஸ்டாண்டையும் நம்பாதீர்கள். அவன் தள்ள மாட்டான், தொங்குவான். 25 டிகிரி கணக்கெல்லாம் அவனிடம் எடுபடாது. பயிற்சி முடிந்ததும் டியூபா பெட்டிக்குள் போகவேண்டும், பெட்டி படுத்த நிலையில் இருக்கவேண்டும். நிற்கிற பெட்டியும் அவனுக்கு ஏணிதான். கஷ்டமாக இருக்கிறது என்று மகள் முனகுவாள், முனகட்டும். மேலே விழுந்தால் ஆபத்து குழந்தைக்கு, டியூபா அடுத்த கவலை. அது பள்ளியின் சொத்து என்பதால் பேண்டு பயிற்றுநரிடம் வீட்டில் எப்படி வைக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் நல்லது.

ஆகவே நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டுக்கு வைத்திருக்கும் பணத்தை, வாசிக்கும்போது தாங்கும் ஸ்டாண்டில் போடுங்கள் என்பேன். உயர்நிலை 1 பிள்ளைகள் பலருக்கு டியூபாவை மடியில் வைத்தால் ஊதுவாய் நெற்றிக்கு வரும், நாற்காலியில் வைத்தால் மோவாய்க்குக் கீழே போகும். அதற்காகக் கழுத்தை நீட்டியோ முதுகை வளைத்தோ வாசிப்பார்கள், மூச்சு அங்கேயே பாதி போய்விடும். உயரம் மாற்றக்கூடிய தண்டு இருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்தபடி ஊதுவாய் உதட்டுக்கு நேராக வரும்படி வைக்கலாம். தொடையில் எடை அழுத்தாது. உயரத்தை அளக்கும்போது பள்ளியில் அவள் உட்காரும் நாற்காலியின் உயரத்துக்கு அளந்துகொள்ளுங்கள். வீட்டுச் சாப்பாட்டு மேசை நாற்காலியின் உயரம் வேறாக இருக்கலாம். அடியில் சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்க மட்டும் விடாதீர்கள். தண்டு ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம் நகரும்.