கவுன்சிலிங்குக்கு முன்பே மேனேஜ்மென்ட் சீட் போடலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். தக்காளியும் கொஞ்சம் சாமந்தியும் போடுகிறோம். பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில்தான் படித்தது. கணக்கு 78, இயற்பியல் 71, வேதியியல் 75. கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்கிறது. ஒரு தனியார் கல்லூரிக்காரர் வீட்டுக்கே வந்து, "இந்த மார்க்குக்குக் கவுன்சிலிங்கில் ஒன்றும் கிடைக்காது, மேனேஜ்மென்ட் கோட்டாவில் போட்டுவிடலாம்" என்கிறார். வருஷத்துக்கு 87,000 ரூபாய், பஸ் தனி. 5,000 முன்பணம் கொடுத்துவிட்டோம். இப்போது ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டிசியும் கேட்கிறார். கொடுக்கலாமா சார்? எங்கள் வீட்டில் இதுவரை யாரும் காலேஜ் போனதில்லை.

பதில்: ஒரிஜினல் எதையும் கொடுக்காதீர்கள். கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்ய ஸ்கேன் செய்த நகல் போதும். ஆனால் இடம் கிடைத்த பிறகு கல்லூரியில் சேர ஒரிஜினல் வேண்டும். அது இன்னொருவர் அலமாரியில் இருந்தால், கிடைத்த இடத்துக்கு உங்கள் பெண்ணால் போக முடியாது. அவர்கள் அதைக் கேட்பதே அதற்காகத்தான்.

அவர் உங்களிடம் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. இந்தப் பிரிவில் இடம் எடுத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. அரசுக் கல்லூரிக்கு மட்டுமல்ல, கவுன்சிலிங்கில் வரும் தனியார் கல்லூரி இடங்களுக்கும் இது பொருந்தும். அதாவது உங்களிடம் 87,000 கேட்கிற அதே கல்லூரியில், அதே வகுப்பில், உங்கள் பெண் ஒரு பைசா கட்டாமல் உட்கார வாய்ப்பு இருக்கிறது. கவுன்சிலிங்கில் ஒன்றும் கிடைக்காது என்று அவர் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இனி உங்கள் மதிப்பெண். கணக்கு அப்படியே 78. இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்க வேண்டும்: 35.5, 37.5. மொத்தம் 200க்கு 151. பொதுப் பட்டியலில் இந்தக் கட் ஆஃபுக்குப் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியிலோ கம்ப்யூட்டர் சயின்ஸ் எதிர்பார்ப்பது கஷ்டம். ஆனால் 7.5 சதவீதப் பட்டியலில் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும்தான். அங்கே கதை வேறு. இருந்தாலும் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 60 இடம் உள்ள ஒரு பாடப்பிரிவில் 7.5 சதவீதம் என்றால் நாலைந்து இடம்தான். அதற்குள்ளும் சாதிவாரி இட ஒதுக்கீடு உண்டு. அதனால் ஒரே கல்லூரி, ஒரே பாடப்பிரிவு என்று பிடிவாதம் பிடிக்க முடியாது.

போன வருஷம் எந்தக் கல்லூரி எந்த கட் ஆஃபில் முடிந்தது என்பது கவுன்சிலிங் இணையதளத்திலேயே சாதிப்பிரிவு வாரியாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போது மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிடாதீர்கள், ரேங்க்கைப் பாருங்கள். கணக்கு வினாத்தாள் சுலபமாக வந்த வருஷம் 151 எடுத்தவர் பின்னால் போய்விடுவார், கஷ்டமாக வந்த வருஷம் முன்னால் வருவார். 2021ஆம் ஆண்டுப் பட்டியலைத் தொடவே வேண்டாம். கொரோனாவால் அந்த வருஷம் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை.

பலர் ஏமாறுகிற இடம் சாய்ஸ் லிஸ்ட். கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசைப்படுத்திக் கொடுக்கும் பட்டியல் அது. "கிடைக்கிற கல்லூரியை முதலில் போடு, இல்லாவிட்டால் அதுவும் போய்விடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது தவறு. உங்கள் பெண்ணின் ரேங்க் வரும்போது கம்ப்யூட்டர் அவள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதல் வரி காலியா? இல்லை என்றால் இரண்டாவது. அதுவும் இல்லை என்றால் மூன்றாவது. எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். பர்கூர் எலக்ட்ரானிக்ஸை ஐந்தாவதாகவும், பக்கத்துத் தனியார் கல்லூரியை முதலாவதாகவும் போட்டால், பர்கூரில் இடம் இருந்தாலும் தனியார்தான் வரும். மேலே எட்டாத கல்லூரிகளைப் போட்டதற்காகக் கீழே உள்ளது பறிபோகாது. ஆகவே கிடைக்குமா கிடைக்காதா என்று பார்க்காமல் ஆசையின் வரிசையில் போடுங்கள். பர்கூர், செட்டிக்கரை, சேலம் கருப்பூர், வேலூர் பாகாயம் அரசுக் கல்லூரிகளில் அவளுக்குப் பிடித்த பாடங்கள் எல்லாம் மேலே வரட்டும். அப்புறம் நல்ல தனியார் கல்லூரிகள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். பத்தோடு நிறுத்திவிட்டு ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போகிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். அதற்குள் நல்ல இடங்கள் போய்விடும்.

இடம் வந்ததும் அதை உறுதிசெய்ய இரண்டு நாள்தான் அவகாசம். அப்போது "இதை ஏற்கிறேன், ஆனால் மேலே ஏதாவது காலியானால் மாற்றுங்கள்" என்று சொல்ல வழி உண்டு. மேலே என்றால் உங்கள் பட்டியலில் அதற்கு மேலே உள்ளவை மட்டும். வரிசை தப்பாக இருந்தால் இந்த வசதியாலும் பயன் இல்லை.

பதிவு செய்யும்போது உங்கள் செல் நம்பரையே கொடுங்கள், பிரவுசிங் சென்டர்காரர் நம்பரைக் கொடுக்காதீர்கள். ஓடிபி யார் போனுக்கு வருகிறதோ அவர் கையில்தான் உங்கள் பட்டியல் இருக்கும். "நாங்களே இலவசமாகப் போட்டுத் தருகிறோம்" என்று கல்லூரி ஆட்கள் கேட்டாலும் பாஸ்வேர்டைச் சொல்லாதீர்கள். அவர்கள் கல்லூரி எப்படி முதல் வரிக்கு வந்தது என்று பிறகு கேட்டுப் பயனில்லை. தெரியாவிட்டால் மாவட்டத்தில் உள்ள கவுன்சிலிங் சேவை மையத்துக்குப் பாப்பாவோடு போங்கள், அங்கே உதவுவார்கள்.

சான்றிதழ்களில் சாதிச் சான்று, வருமானச் சான்று உங்களிடம் இருக்கும். முதல் பட்டதாரி சான்றையும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். 7.5 சதவீதத்தில் இடம் வராமல் பொதுப் பிரிவில் எடுக்க நேர்ந்தால், கட்டணச் சலுகை கிடைப்பது அதனால்தான். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இந்தச் சலுகை செல்லாது. இன்னொன்று, அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். ஆதார் இணைத்த கணக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்கிற ஆசையைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன், பாப்பாவும் கேட்கட்டும். பாலக்கோட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் தக்காளி போட்டால் மண்டியில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2024இல் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ, நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு இட வரம்பை நீக்கியது. அதன் பிறகு பல கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களைத்தான் கூட்டின. நல்ல கல்லூரியில் கிடைத்தால் தாராளமாக எடுங்கள். ஆனால் பேர் தெரியாத கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸா, அரசுக் கல்லூரியில் எலக்ட்ரிகலோ எலக்ட்ரானிக்ஸோவா என்று வந்தால் நான் அரசுக் கல்லூரியைத்தான் சொல்வேன். ஓசூரில் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் எல்லாம் பழைய கதை. இப்போது ஏத்தர், போச்சம்பள்ளி பக்கம் ஓலா, திம்ஜேப்பள்ளியில் டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று மின் வாகனமும் எலக்ட்ரானிக்ஸும் நம் வாசலுக்கே வந்திருக்கின்றன. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு மென்பொருள் வேலைக்குப் போகவும் தடை இல்லை.

பாடப்பிரிவின் பெயர் நீளமாக, புதுசாக இருந்தால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை விசாரியுங்கள். அரசு வேலை அறிவிப்பில் எந்தப் பட்டம் கேட்கிறார்களோ அதற்கு இது இணை என்று அரசாணை இல்லாவிட்டால் டிஎன்பிஎஸ்சியில் சிக்கல் வரும். கல்லூரியை நேரில் போய்ப் பார்ப்பதும் அவசியம். 2024இல் ஒரே பேராசிரியர் பெயர் பல பொறியியல் கல்லூரிகளின் கணக்கில் இருந்தது வெளியே வந்து பெரிய விவகாரமானது. மூன்றாம் ஆண்டு மாணவிகள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். கேன்டீனில் அவர்கள் சொல்வதில் பாதியைக்கூட விளம்பரப் புத்தகம் சொல்லாது.

இதோடு அரசு கலைக் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைப்பது நல்லது. காரிமங்கலத்தில் மகளிர் கல்லூரி, தருமபுரியில் 1965இலிருந்து இருக்கும் அரசு கலைக் கல்லூரி இரண்டுமே உங்களுக்குப் பக்கம். பிஎஸ்சி சேர்ந்தாலும் இன்ஜினியரிங் கதவு சாத்தப்படுவதில்லை. பிளஸ் டூவில் கணக்கு படித்திருப்பதால், பிஎஸ்சி முடித்துவிட்டு நேரடியாக இரண்டாம் ஆண்டு பிஇ சேர வழி உண்டு.

கொடுத்த 5,000 பற்றி. ரசீது கல்லூரி பெயரில் இருந்தால், வகுப்பு தொடங்கும் முன் சேர்க்கை வேண்டாம் என்று முதல்வர் பெயருக்குக் கடிதம் எழுதி, ரசீது நகலோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஏஐசிடிஇ விதிப்படி அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். ரசீது இல்லாமல் அந்த ஆள் கையில் கொடுத்திருந்தால் அது கல்லூரிக் கணக்கில் ஏறியிருக்காது. அவர் அடுத்த முறை மார்க் ஷீட் கேட்டு வரும்போது முதலில் ரசீதைக் கேளுங்கள்.