யாரும் வாய் திறப்பதில்லையே, ஏன்?

கேள்வி: பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்குத் தலைவியாகி ஆறு மாதம் ஆகிறது. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் "யாராவது ஏதாவது கேட்கணுமா?" என்கிறேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். தெரிந்துகொள்ளும் ஆர்வமே இல்லாதவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?
— ஒரு வாசகி

பதில்: ஆர்வம் இல்லாதவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அம்மா. அப்படி முடிவு கட்டி நான் இரண்டு வருடத்தை வீணாக்கியிருக்கிறேன்.

பராமரிப்புப் பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்தபோது, ஒரு பம்ப்பின் பேரிங் அடிக்கடி போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் நான் கேட்டது, "கிரீஸ் வைக்காமல் விட்டது யார்?" பதில் வராது. ஒருநாள் கத்தத் தெம்பில்லாமல், பக்கத்தில் நின்ற உதவியாளரிடம், "இந்த இடத்தில் நாள் முழுக்க என்னதான் நடக்கிறது? எனக்குக் காட்டுங்களேன்" என்றேன். தரை கழுவும்போது ஹோஸ் தண்ணீர் நேராகப் பேரிங் மேலேயே அடிப்பதைக் காட்டினார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க ஆளைத்தானே சார் தேடினீங்க?" என்றார். ஒரு தகர மறைப்பு போட்டதும் தொல்லை தீர்ந்தது.

டொயோட்டா கார் நிறுவனத்தின் உற்பத்தி முறையை வகுத்த பொறியாளர் தாய்ச்சி ஓனோ, கோளாறு வந்தால் ஐந்து முறை 'ஏன்' கேட்கச் சொன்னார். அந்த ஐந்தில் ஒரு 'யார்' கூட இல்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். பதிவான தவறுகளோ அங்கேதான் அதிகம்! அந்தக் குழுக்கள் தவறை மறைக்காமல் பேசின என்பதே அவர் கண்டடைந்த விளக்கம். உங்கள் கூட்டத்தின் அமைதியை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

கூட்ட முடிவில் கேட்பதை முதலில் விடுங்கள். எழுந்து போகிற அவசரத்தில் யார் பேசுவார்கள்? வேலை நடக்கும் இடத்துக்கே போய், உங்களுக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்றை ஒருவரிடம் கேளுங்கள். "இதில் உங்களுக்கு எது இடிக்கிறது?" என்பது என் அனுபவத்தில் நன்றாகப் பலித்த கேள்வி. முதலில் வரும் பதில் உங்களையே குறை சொல்வதாக இருக்கலாம். குறுக்கே பேசாமல் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற பதினொரு பேரும் அப்போது உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த வாரம் அவரிடம் போய், அவர் சொன்னதை என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். செய்ய முடியவில்லை என்றால் அதற்கான காரணத்தையாவது சொல்லுங்கள்.