ஆங்கில இலக்கியம் படிப்பவருக்கு ஐயெல்ட்ஸில் ஏன் 5.5?

திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பி.ஏ. ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி, கல்லூரியில் எல்லா செமஸ்டரிலும் முதல் வகுப்பு. இங்கிலாந்தில் எம்.ஏ. சேர, ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐயெல்ட்ஸ் தேர்வில் 9-க்கு மொத்தம் 7 வேண்டும், எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் கீழே போகக் கூடாது. பயிற்சி மையத்தில் எழுதிய மாதிரித் தேர்வில் லிசனிங் 6.5, ரீடிங் 6, ரைட்டிங் 5.5, ஸ்பீக்கிங் 6 வந்திருக்கிறது. "ஷேக்ஸ்பியரைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுகிறேன். 250 வார்த்தைக் கட்டுரைக்கு 5.5 போடுகிறார்கள். வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நான்கு மாதம்தான் இருக்கிறது, முடியுமா?" என்று கேட்கிறார்.

முடியும். கூச்சப்படவும் ஒன்றுமில்லை. இலக்கிய மாணவர்கள் பலரும் முதல் மாதிரித் தேர்வில் இந்த மதிப்பெண்ணில்தான் நிற்கிறார்கள். நமது பி.ஏ. வகுப்பில் நாம் கற்பது ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றைப் பற்றி. ஐயெல்ட்ஸ் பார்ப்பது நாமே எழுதும் ஆங்கிலத்தை. மூன்று வருடத்தில் உங்கள் வாக்கியம் ஒன்றை யாராவது உட்கார்ந்து வரிவரியாகத் திருத்திக் கொடுத்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் எந்த ஆசிரியருக்கும் அது நடக்காது. அந்தத் திருத்தம்தான் உங்களுக்கு விடுபட்டிருக்கிறது. நான்கு மாதத்தின் பெரும்பகுதியை அதற்கே கொடுங்கள்.

முதலில் இலக்கு எவ்வளவு தூரம் என்று பார்ப்போம். மொத்த பேண்ட், அதாவது மொத்த மதிப்பெண், நான்கு பிரிவுகளின் சராசரி. சராசரி .25-ல் முடிந்தால் அடுத்த அரைக்கும், .75-ல் முடிந்தால் அடுத்த முழு எண்ணுக்கும் உயர்த்துவார்கள். லிசனிங் 7, ரீடிங் 7, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 6.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 27, சராசரி 6.75, முடிவுத் தாளில் 7 என்றே வரும். அதாவது எல்லாவற்றிலும் 7 எடுக்க வேண்டியதில்லை. லிசனிங்கிலும், மேல்படிப்புக்கான 'அகாடமிக்' வகைத் தேர்வின் ரீடிங்கிலும் 40-க்கு ஏறக்குறைய 30 சரியாக இருந்தால் 7 கிடைக்கும். நீங்கள் லிசனிங்கிலும் ஸ்பீக்கிங்கிலும் அரை, ரீடிங்கிலும் ரைட்டிங்கிலும் ஒன்று ஏற வேண்டும். இவற்றில் கடினம் ரைட்டிங்தான். அதனால் அங்கேயே அதிக நேரம் நிற்போம்.

ரைட்டிங்கில் 60 நிமிடத்தில் இரண்டு பணிகள். முதலாவதில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்துக் குறைந்தது 150 வார்த்தை, இரண்டாவதில் ஒரு கருத்தை ஒட்டிக் குறைந்தது 250 வார்த்தை எழுத வேண்டும். இரண்டாவதற்கு மதிப்பு இரு மடங்கு. கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, ஓட்டமும் தொடர்பும் இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம் என்று நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சம எடை. இலக்கணத்தில் 7 பெற என்ன வேண்டும் என்று தேர்வு நடத்துபவர்களே வெளியிட்டிருக்கிறார்கள்: பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும். என் மாணவர்களை இந்த ஒரு வரியைச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்வேன். அழகான வாக்கியம் வேண்டும் என்று அதில் இல்லை.

இதை வைத்து ஒரு பயிற்சி. ஒரு கட்டுரை எழுதுங்கள், ஒரு நாள் அப்படியே வையுங்கள். மறுநாள் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனி வரியாகப் பிரித்து எழுதி, பிழையே இல்லாதவற்றை மட்டும் எண்ணுங்கள். உங்கள் கண்ணுக்குத் தப்பியதைப் பிடிக்க ஓர் ஆசிரியரோ சீனியரோ வேண்டும். போன வருடம் என்னிடம் வந்த ஒரு மாணவி முதல் கட்டுரையில் பதினாறு வாக்கியம் எழுதியிருந்தார். பிழையில்லாதவை மூன்று. அவருடைய ஆங்கிலம் மோசமில்லை, கேட்க நன்றாகவே இருந்தது. பதிமூன்று வாக்கியத்திலும் இருந்தவை சின்னச் சின்னப் பிழைகள், அதே ஐந்தாறு திரும்பத் திரும்ப. அவற்றை ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தார். ஒவ்வொரு கட்டுரை முடித்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து அந்தப் பிழைகளை மட்டும் தேடுவார். பத்தாவது கட்டுரையில் பிழையில்லாதவை பதினொன்று.

உங்கள் நோட்டிலும் என்னென்ன வரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம், ஏனென்றால் அவை தமிழிலிருந்து வருபவை. தமிழில் 'எ', 'தி' போன்ற ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால் நமக்கு அவை விடுபடும், அல்லது வேண்டாத இடத்தில் விழும். தகவல்கள், ஆராய்ச்சிகள், கருவிகள் என்று தமிழில் பன்மை சொல்கிறோம், அந்த வேகத்தில் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'ரிசர்ச்சஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். 'பற்றி விவாதித்தார்கள்' என்பது 'டிஸ்கஸ்ட் எபவுட்' ஆகிறது. அந்த 'எபவுட்' அங்கே வரக் கூடாது.

எல்லாவற்றையும்விட அதிகம் மதிப்பெண் குறைப்பது காற்புள்ளி. தமிழில் 'விலைவாசி ஏறி, ஊரில் வேலை இல்லாமல் போய், மக்கள் நகரத்துக்கு வந்து, வாடகை கட்ட முடியாமல் தவிக்கிறார்கள்' என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். அழகான தமிழ் வாக்கியம் அது. அதே மூச்சில் ஆங்கிலத்தில் எழுதும்போது நான்கு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது பிழை. இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள், அல்லது 'பிகாஸ்', 'ஆல்தோ', 'விச்' என்று ஓர் இணைப்பைப் போடுங்கள். இந்த ஒரு திருத்தத்திலேயே உங்கள் எண்ணிக்கை சட்டென்று ஏறும்.

அப்புறம் இலக்கிய மாணவர்களுக்கே உரிய ஒரு பழக்கம். 'அருங்காட்சியகங்களில் நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி வருவதாக வைத்துக்கொள்வோம். நாம் பண்பாட்டின் பெருமையில் தொடங்கி, ஒரு கவிஞரின் மேற்கோளைச் சொல்லி, நவீன உலகத்தின் வேகத்தைப் பற்றி இரண்டு வரி எழுதி, மூன்றாம் பத்தியில்தான் கட்டணத்துக்கு வருவோம். செமஸ்டர் தேர்வில் இது பழகிப்போன வழி. இங்கே தொடக்கப் பத்தியிலேயே 'ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் கட்டணம் வாங்கலாம்' என்று உங்கள் நிலைப்பாடு தெரிய வேண்டும், கடைசி வரை அதே நிலையில் நிற்க வேண்டும். பத்திக்கு ஒரு காரணம். அந்தக் காரணத்துக்கு ஓர் உதாரணம்: ஐந்து பேர் உள்ள குடும்பம் டிக்கெட் விலையைப் பார்த்து வாசலோடு திரும்புவது. மேற்கோள் வேண்டாம்.

வரைபடப் பணி உங்களுக்குப் புதிதாக இருக்கும். காரணம் சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள். படத்தில் இருப்பது மட்டும்தான் விஷயம். எல்லா எண்ணையும் எழுதத் தேவையில்லை. ஆனால் 'மொத்தத்தில் இது ஏறியது, அது இறங்கியது' என்று முழுப் படத்தையும் இரண்டு வரியில் சொல்லும் சுருக்கம் கட்டாயம் வேண்டும். அது தெளிவாக இல்லாமல் இந்தப் பணியில் 7 கிடைக்காது. இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

ரீடிங்கில் மூன்று பகுதிகள், 40 கேள்விகள், 60 நிமிடம். இங்கே உங்கள் நல்ல பழக்கமே குறுக்கே வருகிறது. வரிகளுக்கு இடையில் இருப்பதைப் படிக்க உங்களைப் பழக்கியிருக்கிறார்கள். 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' கேள்வியில் அது காலை வாரும். ஒரு சின்ன உதாரணம். பத்தியில் இப்படி இருக்கிறது: 'ஊரில் ஒரு நூலகம் திறக்கப்பட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள்.' கேள்வி: 'அந்த நூலகம் மாணவர்களுக்காகவே கட்டப்பட்டது.' மாணவர்கள்தானே வந்தார்கள், அப்படியானால் அவர்களுக்காகத்தான் இருக்கும் என்று மனம் போகும். பதில் நாட் கிவன். யாருக்காகக் கட்டினார்கள் என்று பத்தி சொல்லவே இல்லை. 'வந்தவர்களில் பெரியவர்களே அதிகம்' என்றால் அது ஃபால்ஸ், பத்தி நேராக மறுக்கிறது. பத்தியில் எந்த வரி உங்கள் பதிலைச் சொல்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் அது நாட் கிவன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் இந்த வகைக் கேள்வியை மட்டும் போடுங்கள், மதிப்பெண் நகர்வது தெரியும்.

லிசனிங்கில் 6.5 இருக்கிறது, அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். பேசுபவர் முதலில் 'செவ்வாய்க்கிழமை' என்பார், உடனே 'இல்லை, அன்று மூடியிருக்கும், வியாழக்கிழமை' என்பார். முதலில் கேட்டதை எழுதிவிட்டுக் காதை மூடிக்கொள்ளக் கூடாது. சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' விட்டுப்போனால் பதில் தவறு, எழுத்துப்பிழை இருந்தாலும் தவறு. தினமும் ஆங்கிலச் செய்தி ஒரு நிமிடம் போட்டு, நிறுத்தி நிறுத்தி அப்படியே எழுதுங்கள். பத்து நாளில் எந்த எழுத்தைக் காது விடுகிறது என்று உங்களுக்கே பிடிபடும்.

ஸ்பீக்கிங்கைப் பற்றிப் பயம் வேண்டாம் என்று சொல்வதைவிட, அது என்ன என்று சொல்கிறேன். எதிரே உட்கார்ந்தோ வீடியோவிலோ ஒரு மனிதர் 11 முதல் 14 நிமிடம் உங்களோடு பேசுவார். முதலில் ஊர், படிப்பு பற்றிச் சாதாரணக் கேள்விகள். பிறகு தலைப்பு எழுதிய ஒரு அட்டை கொடுத்து ஒரு நிமிடம் யோசிக்க விடுவார், இரண்டு நிமிடம் வரை நீங்களே பேச வேண்டும். கடைசியில் அதே தலைப்பைப் பற்றிக் கொஞ்சம் ஆழமான உரையாடல். மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கான பயிற்சி அவர்களுக்கு இருக்கிறது.

உங்கள் உச்சரிப்பில் தமிழ் தெரிந்தால் மதிப்பெண் குறையாது. புரியாமல் போனால்தான் குறையும். நமக்குப் பெரும்பாலும் சிக்கல் சொல்லின் முடிவில். 'புக்' என்பது 'புக்கு' ஆகும், 'பஸ்' 'பஸ்ஸு' ஆகும். வல்லின மெய்யில் சொல்லை நிறுத்தாத தமிழின் வழக்கம் அது, நம்மை அறியாமல் ஆங்கிலத்திலும் ஒரு குட்டி உகரத்தை ஒட்டிவிடுகிறோம். வேகமாகப் பேசும்போது அந்த உகரங்கள் சேர்ந்து கேட்பவரைக் குழப்பும். விடுதியில் ஒரு தோழியை எதிரே உட்கார வைத்து, தினம் ஒரு அட்டைக்கு இரண்டு நிமிடம் பேசிப் போனில் பதிவு செய்யுங்கள். அன்றே கேளுங்கள். முதல் முறை கேட்கச் சங்கடமாக இருக்கும், கேட்டே ஆக வேண்டும்.

நான்கு மாதத்தை எப்படிப் பிரிப்பது? முதல் இரண்டு மாதம் முழு மாதிரித் தேர்வே எழுதாதீர்கள். வாரம் மூன்று கட்டுரை, மூன்றையும் திருத்தி மறுபடி எழுதுவது, மீதி நேரத்தில் ரீடிங். மறுபடி எழுதாத கட்டுரையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்றாம் மாதத்திலிருந்து வாரம் ஒரு முழுத் தேர்வு, கேம்பிரிட்ஜ் வெளியிடும் தேர்வுத் தாள் தொகுப்புகளிலிருந்து, கடிகாரம் வைத்து. கணினியில் எழுதுவதாக இருந்தால் இப்போதே தட்டச்சு பழகுங்கள். அங்கே பிழை திருத்தும் வசதி இருக்காது.

பணம் கட்டும் முன் சிலவற்றை விசாரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கட்டணம் 17,000 ரூபாய்க்குக் குறையாது, அது வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை. இங்கிலாந்தில் சில பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணையே ஐயெல்ட்ஸுக்குப் பதிலாக ஏற்கின்றன. எந்த வாரியம், எத்தனை மதிப்பெண் என்பது இடத்துக்கு இடம் மாறும், சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். சாதாரண அகாடமிக் தேர்வு போதுமா, இங்கிலாந்து விசாவுக்கென்று யூகேவிஐ என்ற பெயரில் தனியாகப் பதிவு செய்யும் தேர்வு வேண்டுமா என்பதையும் அதிலேயே கேளுங்கள். ஒரு பிரிவில் மட்டும் மதிப்பெண் குறைந்தால், கணினியில் எழுதியவர்கள் 60 நாளுக்குள் அந்த ஒன்றை மட்டும் திரும்ப எழுதும் வசதி இருக்கிறது. ஆனால் அந்த முடிவை உங்கள் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். முடிவு இரண்டு வருடம் செல்லும்.

கடைசியாக, பெயர். அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் கேட்பார்கள், அதில் இருப்பதுபோலவேதான் தேர்வுக்கும் பதிவு செய்ய வேண்டும். நமது சான்றிதழில் இனிஷியல் ஒரு எழுத்தாக இருக்கும், பாஸ்போர்ட்டில் அது அப்பாவின் முழுப் பெயராகிக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஐயெல்ட்ஸ் பதிவு, பல்கலைக்கழக விண்ணப்பம் இரண்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளதையே எழுத்து மாறாமல் போடுங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். முதல் கட்டுரையையும் இந்த வாரமே எழுதுங்கள், மேலே சொன்ன அருங்காட்சியகக் கேள்வியே இருக்கட்டும்.