கோட்டை டிக்கெட்டில் நாம் எதை வாங்குகிறோம்? ஜெர்மனியில் மோசல் ஆறு, ஐஃபெல் மலைப் பக்கம் போகிறவர்களுக்கான கேள்வி-பதில்

கேள்வி: மைன்ஸ் நகரத்தில் வேலை பார்க்கிறேன், அக்கா. ஜூலையில் ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள், இருவருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. எல்ட்ஸ் கோட்டையும் கோகெம் கோட்டையும் ஒரே நாளில், 'வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம்' என்று ஒரு இணையதளத்தில் ஆளுக்கு 129 யூரோ போட்டிருக்கிறார்கள். மூன்று பேருக்கு 387 ஆகிறது. வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்தப் பக்கத்தைக் கடைசிவரை படித்து, கட்டணத்தில் எது சேரும், எது சேராது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். நான் ஒருமுறை என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு இப்படி ஒரு பஸ் பயணத்துக்குப் பணம் கட்டினேன். கோட்டைக்கு எதிரே இருபது நிமிடம் நிறுத்தினார்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள், உள்ளே போவதானால் தனி டிக்கெட், ஆனால் அதற்கு நேரம் இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து விளம்பரத்தைத் திரும்பப் படித்தால் 'கோட்டைக்குப் பயணம்' என்றுதான் இருந்தது, 'நுழைவு' என்ற சொல் எங்குமே இல்லை. அன்றைக்கு அவர் முகம் வாடியது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அப்புறம் அந்த 'வரிசையில் நிற்காமல்' விஷயம். எல்ட்ஸ் கோட்டைக்குள் யாரும் தன்னிஷ்டத்துக்குச் சுற்றிவர முடியாது. வழிகாட்டியோடு கூட்டம் கூட்டமாக உள்ளே விடுவார்கள், ஒரு சுற்று 35 முதல் 40 நிமிடம். தனியாக வருகிறவர்கள் வாசலில் டிக்கெட் வாங்கி அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்வதுதான் அங்கே வழக்கம். அதனால் எந்த வரிசையைத் தாண்டிப் போகப்போகிறீர்கள் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள், பதில் தெளிவாக வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நீங்களே போவதானால் மைன்ஸிலிருந்து மிகவும் சுலபம். 'ரைன்லாண்ட்-ஃபால்ட்ஸ் டிக்கெட்' என்று மாநிலத்துக்கென்றே ஒரு நாள் டிக்கெட் இருக்கிறது, ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை சேரலாம், ஆள் கூடக்கூடத் தலைக்கு ஆகும் செலவு குறையும். வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், சனி ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதிவேக ரயில்களில் செல்லாது, வட்டார ரயில்களில் மட்டும். கோப்லென்ஸ் போகும் ரயிலில் வலது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். ரைன் நதி கூடவே வரும், கௌப் ஊருக்கு எதிரே ஆற்றின் நடுவிலேயே கப்பல் மாதிரி நிற்கும் ஃபால்ட்ஸ்கிராஃபென்ஷ்டைன் கோட்டையைப் பார்க்கலாம், லோரலை பாறையைப் பார்க்கலாம். கோப்லென்ஸில் இறங்கி மோசல் வழி ரயிலுக்கு மாற வேண்டும். மோசல்கெர்ன் நிலையத்தில் எல்லா ரயிலும் நிற்காது, எல்லா ஊரிலும் நின்று போகும் ஆர்பி 81-ஐப் பிடியுங்கள்.

மோசல்கெர்னிலிருந்து எல்ஸ் ஓடையை ஒட்டி ஐந்து கிலோமீட்டர் நடைபாதை. காட்டுக்குள் நடந்து ஒரு வளைவில் திரும்பும்போது கோட்டை சட்டென்று மேலே தெரியும், அந்தக் காட்சிக்கு ஒரு பைசாகூடக் கட்டணம் கிடையாது. ஆனால் கடைசிப் பகுதி ஏற்றம், அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் வேண்டாம். சீசனில் சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் மோசல் கரையிலிருந்து கோட்டையின் வாகன நிறுத்துமிடம் வரை பேருந்து ஓடும், அங்கிருந்து கோட்டைக்கு இறங்க ஒரு சிறிய வண்டியும் உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். ஆகவே சனிக்கிழமை போங்கள், காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் கூட்டம் தாங்காது. கோட்டைக்குள்ளேயும் குறுகலான படிகள் நிறைய, லிஃப்ட் கிடையாது. இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டு கோட்டைக்கும் உள்ளே போக வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். எல்ட்ஸுக்குள் போங்கள், கோகெமை ஆற்றங்கரையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு வெளியிலிருந்து பாருங்கள். காரணம் இருக்கிறது. எல்ட்ஸ் குடும்பத்தின் பெயர் 1157-ல் ஒரு சாசனத்தில் சாட்சியாக வருகிறது, இன்றைக்கும் அதே குடும்பத்தின் கையில்தான் கோட்டை இருக்கிறது, போரில் ஒருமுறைகூட இடிபடவில்லை. 1331-ல் டிரியர் பேராயர் பால்டுவின் முற்றுகையிட்டு எதிரே ஒரு சிறு கோட்டையே கட்டினார், அதன் இடிபாடு இன்னும் அங்கே நிற்கிறது. கோகெம் கோட்டையை 1689-ல் பிரெஞ்சுப் படை தகர்த்துவிட்டது. பெர்லின் வணிகர் லூயி ரவனே 1868-ல் அந்த இடிபாட்டை வாங்கி, 1877-க்குள் தன் காலத்து ரசனைப்படி திரும்பக் கட்டினார். அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே கோட்டைக்குத்தான் நேரமும் காலில் தெம்பும் இருக்கிறதென்றால் பழைய மரத்தளத்தில் நடக்கும் அனுபவத்துக்குக் காசு கொடுங்கள். எல்ட்ஸ் டிக்கெட்டிலேயே 500-க்கும் மேற்பட்ட பொருட்கள் வைத்திருக்கும் கருவூலமும் சேர்ந்திருக்கிறது. அதை விடாதீர்கள், பலர் சுற்று முடிந்ததும் களைத்துப்போய் அப்படியே திரும்பிவிடுகிறார்கள்.

கேள்வி: ஒரு கோட்டைக்குக் குறிப்பிட்ட தேதி, நேரம் போட்டு ஆன்லைனில் டிக்கெட் வாங்கினேன். மகளுக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. ஐரோப்பாவில் ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பித் தரலாமே? தர மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: சட்டம் இங்கே உங்கள் பக்கம் இல்லை. அந்த 14 நாள் உரிமை செருப்பு, சட்டை, மிக்ஸி மாதிரியான பொருட்களுக்கு உண்டு. ஆனால் தேதி குறித்த பொழுதுபோக்குச் சேவைகளுக்கு விலக்கு இருக்கிறது, ஜெர்மன் சிவில் சட்டத்தில் 312-ஜி பிரிவு. நாடகம், கச்சேரி, கோட்டைச் சுற்று எல்லாம் இதில் அடங்கும். அவர்களாகவே சுற்றை ரத்து செய்தால்தான் பணத்தைக் கேட்டு வாங்கும் உரிமை உண்டு. இருந்தாலும் வேறு தேதிக்கு மாற்ற முடியுமா என்று பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதிப் பாருங்கள், நேரடியாகக் கோட்டையிடமே வாங்கியிருந்தால் பல இடங்களில் மனிதாபிமானத்தோடு மாற்றித் தருவார்கள். இடைத்தரகரிடம் வாங்கியிருந்தால் கோட்டை ஊழியர்களால் ஒன்றும் செய்ய முடியாது, அவர்களிடம் உங்கள் பெயரே இருக்காது.

இனி வாங்கும்போது ஒன்று செய்யுங்கள். தேடும்போது மேலே முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். பக்கத்தின் அடியில் 'இம்ப்ரெஸ்ஸும்' என்று ஒரு இணைப்பு இருக்கும், வணிகம் செய்யும் ஜெர்மன் இணையதளங்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் அதில் போட்டே ஆக வேண்டும். அங்கே கோட்டையின் ஊர்ப் பெயர் இருக்கிறதா, எங்கோ ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாலே விற்பது யார் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: இந்தப் பகுதிக் கோட்டைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பாஸ் இருக்கிறதா?

பதில்: கோட்டை யாருடையது என்பதைப் பொறுத்தது. எல்ட்ஸ் தனியார் குடும்பத்துக்குச் சொந்தம். கோகெம் 1978 முதல் அந்த ஊர் நகராட்சிக்குச் சொந்தம். ரைன் கரையில் பிரவுபாக் ஊரில் இருக்கும் மார்க்ஸ்புர்க், 1900 முதல் ஜெர்மன் கோட்டைகள் சங்கத்தின் கையில் இருக்கிறது. மாயென் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பியூரெஸ்ஹைம், கோப்லென்ஸின் எஹ்ரன்பிரைட்ஷ்டைன், ஷ்டோல்ஸென்ஃபெல்ஸ் இவை மாநில அரசுடையவை. அரசு தரும் பாஸ் தனியார் கோட்டையில் செல்லாது. எந்த பாஸை யார் விற்றாலும், அதில் செல்லும் இடங்களின் பட்டியலை வாங்கி, நீங்கள் நிஜமாகவே போகப்போகும் மூன்று இடங்களாவது அதில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

பியூரெஸ்ஹைமுக்கு அவசியம் போங்கள். அதுவும் இடிபடாத கோட்டை, எல்ட்ஸில் இருக்கும் கூட்டத்தில் கொஞ்சம்கூட அங்கே பார்த்ததில்லை.

பயணச் செலவுக்கு இன்னொன்று சொல்கிறேன். கோப்லென்ஸ் சுற்றுவட்டாரத்தில் சில விடுதிகள் தங்குகிறவர்களுக்கு வி.ஆர்.எம். (அந்த வட்டாரப் போக்குவரத்துக் கூட்டமைப்பு) விருந்தினர் டிக்கெட் தருகின்றன, உள்ளூர் பேருந்தும் ரயிலும் அதிலேயே போய்விடலாம். ரயில் டிக்கெட் வாங்கும் முன் விடுதியிடம் கேட்டுவிடுங்கள். நாடு முழுவதும் உள்ளூர் பேருந்திலும் வட்டார ரயிலிலும் செல்லும் 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' எடுக்க நினைத்தால் (2023-ல் 49 யூரோவாகத் தொடங்கியது, 2026-ல் 63) அது மாதச் சந்தா என்பதை மறக்காதீர்கள். அந்த மாதத்தோடு நிறுத்த வேண்டுமென்றால் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். சுற்றுலா வந்தவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான்.

கேள்வி: காசு கொடுத்துத்தானே உள்ளே போகிறோம், படம் எடுக்கக் கூடாது என்று எப்படிச் சொல்லலாம்?

பதில்: சொல்லலாம். அது அவர்கள் இடம், உள்ளே என்ன செய்யலாம் என்று விதி வைக்கும் உரிமை சொந்தக்காரருக்கு உண்டு, எல்ட்ஸின் உள்ளறைகளில் படம் எடுக்கத் தடை. அதற்காகப் பணம் திரும்பக் கிடைக்காது. பொதுப் பாதையில் நின்று கோட்டையின் வெளிப்புறத்தை எடுப்பதற்குத் தடை இல்லை. ட்ரோன் மட்டும் கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: பிறந்தநாளுக்கு நண்பர்கள் ஒரு கோட்டையில் நடக்கும் 'வீரர் விருந்து' பரிசுச் சீட்டு கொடுத்தார்கள். ஒரு வருடம் என்று அச்சடித்திருக்கிறது, 14 மாதம் ஆகிவிட்டது. வீண்தானா?

பதில்: தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! தேதி எதுவும் போடாத பரிசுச் சீட்டு ஜெர்மனியில் மூன்று வருடம் செல்லும், அதுவும் வாங்கிய வருடத்தின் கடைசி நாளிலிருந்து கணக்கு. 2024 மார்ச்சில் வாங்கியிருந்தால் 2027 டிசம்பர் 31 வரை. ஒரு வருடம் என்று விதிமுறையில் பொதுவாக அச்சடித்துவிடுவது அளவுக்கு மீறிய குறுகிய காலம் என்று நீதிமன்றங்கள் தள்ளியிருக்கின்றன. சீட்டு குறிப்பிட்ட ஒரு நாள் நிகழ்ச்சிக்கானது என்றால் கதை வேறு, பொதுவான சீட்டு என்றால் உங்களுக்கு வாய்ப்பு அதிகம். சட்டப்படி மூன்று வருடக் கணக்கு இருக்கிறது, புதிய தேதி கொடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள், பதில் சொல்ல இரண்டு வாரம் கெடு வையுங்கள். மறுத்தால் உங்கள் மாநில நுகர்வோர் மையத்துக்கு, அதாவது 'ஃபெர்பிராவுகர்சென்ட்ராலே'வுக்கு, சீட்டின் நகலோடு போங்கள். ஆலோசனைக்குச் சின்னக் கட்டணம் கேட்கலாம், எவ்வளவு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விருந்து பதிவாகிவிட்டால் சைவமா அசைவமா என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள், பன்றி இறைச்சிதான் அந்த மேசைகளில் வழக்கம்.