ரூட்டர் அப்டேட் ஆனதும் நெட் போய்விட்டதா? ரீசெட் பொத்தானைத் தொடுவதற்கு முன்

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் ஃபைபர் இணைப்பு. கம்பெனிக்காரர்கள் மாட்டிவிட்டுப் போன பெட்டி கீழே ஹாலில் இருக்கிறது. அதிலிருந்து லேன் கேபிள் இழுத்து, நானே வாங்கிய ரூட்டரை மாடியில் வைத்திருக்கிறேன். போன வாரம் அந்த ரூட்டரின் ஆப்பில் புதிய ஃபர்ம்வேர் வந்திருப்பதாகக் காட்டியது, அப்டேட் கொடுத்தேன். அன்றிலிருந்து மாடியில் போன்கள் வைஃபையில் சேர்கின்றன, ஆனால் 'இன்டர்நெட் இல்லை' என்கின்றன. வாசல் கேமராவும் பிரிண்டரும் வைஃபையில் சேரவே மாட்டேன் என்கின்றன. கஸ்டமர் கேரில் ரீசெட் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். அழுத்தலாமா? பழைய வெர்ஷனுக்கே திரும்பிவிட முடியுமா?"

ரீசெட்டை இப்போதைக்கு அழுத்தாதீர்கள். கடைசியில் அதற்கும் வேலை வரலாம், ஆனால் முதலில் அல்ல. ரீசெட் கொடுத்தால் ரூட்டருக்குள் இருக்கும் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, இணைப்புக்கான யூசர்நேம் எல்லாமே அழிந்துவிடும். என் அக்கா வீட்டில் இப்படித்தான் ஆனது. போனில் யாரோ சொன்னார்கள் என்று ரீசெட் கொடுத்தார். லாகின் விவரம் எழுதி வைத்திருந்த தாள் காணவில்லை. ஊரில் இணைப்பு கொடுத்தவர் வெளியூர் போயிருந்தார். மூன்று நாள் மொபைல் டேட்டாவில் பிள்ளைகள் பாடம் படித்தார்கள். அப்புறம் நான் போய்ப் பார்த்தபோது, முதலில் இருந்த கோளாறு ஐந்து நிமிட வேலை என்று தெரிந்தது.

அப்டேட்டின்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பது பிடிபட்டுவிடும். ரூட்டர் என்பது ஒரு சின்னக் கணினி. ஃபர்ம்வேர் அதன் இயங்குதளம். அப்டேட் அந்த இயங்குதளத்தை மாற்றி எழுதுகிறது. நீங்கள் செய்து வைத்த செட்டிங்குகள் வேறொரு பகுதியில் தனியாக இருக்கும். அவற்றைப் புதிய ஃபர்ம்வேர் எடுத்துப் படிக்கிறது. பழைய செட்டிங் ஏதாவது புதியதற்குப் புரியாவிட்டால், அந்த இடத்தில் ரூட்டரைத் தயாரித்த கம்பெனி வைத்த ஆரம்ப மதிப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் ரூட்டர் எரிகிறது, வைஃபை கொடுக்கிறது, போனைச் சேர்த்துக்கொள்கிறது. அதனால் அப்டேட் முழுமையாக ஏறிவிட்டது, எங்கோ ஒன்றிரண்டு செட்டிங் மட்டும் மாறியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். போனில் நெட் இல்லாததும் கேமரா சேராததும் வேறு வேறு கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இரண்டு பெட்டிகளையும் அணைத்துவிட்டு, வரிசைப்படி போடுங்கள். கீழே இருக்கும் ஃபைபர் பெட்டி முதலில். அதில் பான் (PON) என்று குறித்த விளக்கு ஆடாமல் எரிய வேண்டும், எல்ஓஎஸ் (LOS) என்ற சிவப்பு விளக்கு எரியக் கூடாது. சிவப்பு எரிந்தால் ஃபைபர் கேபிளில் வெளிச்சமே வரவில்லை என்று பொருள். அது உங்கள் அப்டேட்டின் குற்றமல்ல, கம்பெனிக்குத்தான் சொல்ல வேண்டும். விளக்கு சரியானதும் மாடி ரூட்டரைப் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். வைஃபைப் பெயர்களில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தாமதமாக வந்தால் பயப்பட வேண்டாம். ரேடார்களும் பயன்படுத்தும் சில சேனல்களில், ரூட்டர் ஒரு நிமிடமாவது காத்திருந்து ரேடார் இல்லை என்று உறுதி செய்த பிறகே ஒலிபரப்பத் தொடங்கும்.

அடுத்து, கீழே ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையில் போனைச் சேர்த்துப் பாருங்கள். அங்கே நெட் வந்தால், கோளாறு மாடி ரூட்டரிலோ இடையில் உள்ள கேபிளிலோதான். அங்கேயும் வரவில்லை என்றால் உடனே கம்பெனியைக் குறை சொல்லிவிடாதீர்கள். சில வீடுகளில் அந்தப் பெட்டியை பிரிட்ஜ் முறையில் வைத்திருப்பார்கள். அப்படியானால் அது வெறும் வழிவிடும் பெட்டி, லாகின் வேலையை உங்கள் ரூட்டர்தான் செய்கிறது.

இனி மாடி ரூட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குப் போக வேண்டும். ஆப்பில் எல்லா விவரமும் காட்டாது, அதனால் பிரவுசரில் திறப்பது நல்லது. முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1, பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் போட்டிருக்கும். அப்டேட்டுக்குப் பிறகு அந்தப் பக்கம் கோணல்மாணலாக வந்தாலோ, லாகின் சுற்றிக்கொண்டே இருந்தாலோ, பிரவுசர் பழைய பக்கத்தைச் சேமித்து வைத்திருப்பது காரணமாக இருக்கலாம். இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்தால் சரியாகிவிடும்.

உள்ளே போனதும் வான் (WAN, வெளியிலிருந்து நெட் வரும் பக்கம்) அல்லது இன்டர்நெட் என்ற பகுதியில் ஐபி முகவரி என்ன என்று பாருங்கள். இந்த ஒரு எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

அங்கே 0.0.0.0 என்று இருந்தால், ரூட்டருக்கு வெளியிலிருந்து முகவரியே கிடைக்கவில்லை. கேபிள் சரியான துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். வான் என்று குறித்த துளையின் நிறம் பொதுவாக மற்றவற்றிலிருந்து மாறுபட்டிருக்கும். அப்புறம் இணைப்பு வகை. பிரிட்ஜ் முறை வீடுகளில் அது பெரும்பாலும் லாகின் கொடுத்து நுழையும் பிபிபிஓஇ (PPPoE) ஆக இருந்து, யூசர்நேமும் பாஸ்வேர்டும் நிரப்பியிருக்க வேண்டும். அப்டேட்டுக்குப் பின் அது லாகின் கேட்காத டைனமிக் ஐபி என்று மாறியிருந்தால் நெட் வராது. சில இணைப்புகளில், ஒரே கேபிளில் போகும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் விலான் (VLAN) எண் ஒன்றும் கொடுக்க வேண்டியிருக்கும். இன்னும் சில ஊர்களில், முதலில் இணைத்த கருவியின் மேக் முகவரியோடு (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) கணக்கைக் கட்டி வைத்திருப்பார்கள். ரூட்டரில் அந்த எண்ணைக் காப்பியடித்துக் காட்டும் மேக் குளோன் என்ற செட்டிங் போட்டிருந்து அது அழிந்துபோனாலும் கதவு திறக்காது. இந்த மூன்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை இணைப்பு கொடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். "நெட் வரவில்லை" என்று சொல்வதைவிட, "பிபிபிஓஇ யூசர்நேம் என்ன, விலான் எண் உண்டா, மேக் பைண்டிங் இருக்கிறதா" என்று கேளுங்கள். பதில் சீக்கிரம் வரும்.

ஆனால் நீங்கள் சொல்லும் அமைப்பில் நான் முதலில் சந்தேகப்படுவது வேறொன்றை. வான் ஐபி 192.168.1.5 என்பதுபோல் இருக்கிறது, அதே நேரம் மாடி ரூட்டரின் சொந்த லேன் (வீட்டுக்குள் உள்ள நெட்வொர்க்) முகவரியும் 192.168.1.1. இப்படி இருந்தால் இதுதான் கோளாறு. ஃபைபர் பெட்டியும் 192.168.1 என்ற தெருவில் இருக்கிறது, உங்கள் ரூட்டரும் அதே பெயரில் இன்னொரு தெரு வைத்திருக்கிறது. வெளியே அனுப்ப வேண்டியது எது, வீட்டுக்குள் கொடுக்க வேண்டியது எது என்று ரூட்டருக்குப் பிரித்துப் பார்க்க முடியாது. போன் வைஃபையில் அழகாகச் சேரும், நெட் மட்டும் வராது. பல ரூட்டர்கள் இந்த மோதலைத் தாமாகவே கண்டுபிடித்து எண்ணை மாற்றிக்கொள்ளும், எல்லாம் அப்படிச் செய்வதில்லை. முதலில் மாட்டிக் கொடுத்தவர் இதை மாற்றி வைத்திருந்து, அப்டேட்டில் அது பழைய ஆரம்ப மதிப்புக்கே போயிருக்கலாம்.

சரிசெய்ய இரண்டு வழி. ரூட்டரின் லேன் முகவரியை 192.168.2.1 என்று மாற்றிச் சேமித்தால் போதும். ரூட்டர் மறுபடி தொடங்கியதும் போனில் வைஃபையை அணைத்துப் போடுங்கள், இனி நிர்வாகப் பக்கத்துக்கும் இந்தப் புது எண்தான். இன்னொரு வழி, ரூட்டரை வைஃபை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுவது. ஃபைபர் பெட்டி பிரிட்ஜ் முறையில் இல்லாத வீடுகளுக்கு நான் இதைத்தான் விரும்புவேன். எல்லாக் கருவிகளும் கீழே உள்ள பெட்டியிடமே முகவரி வாங்கிக்கொள்ளும். மாடியில் இருக்கும் பிரிண்டருக்கு ஹாலில் இருந்தே பிரிண்ட் கொடுக்கலாம். ரூட்டரில் உள்ள குழந்தைகள் கட்டுப்பாடு போன்ற வசதிகள் போய்விடும் என்பது மட்டும் குறை. ஒருவேளை உங்கள் ரூட்டர் இதற்கு முன் ஆக்சஸ் பாயின்ட் முறையில்தான் இருந்து, அப்டேட் அதை ரூட்டர் முறைக்குத் தள்ளியிருக்கவும் கூடும். அதையும் பாருங்கள்.

வான் ஐபி ஒழுங்காக இருந்து, லேனோடு மோதலும் இல்லை, ஆனாலும் தளங்கள் திறக்கவில்லை என்றால், லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ping 8.8.8.8 என்று அடித்து, அந்த எண்ணிலிருந்து பதில் வருகிறதா என்று சோதியுங்கள். பதில் வந்தால் பாதை நன்றாக இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் வேலை செய்யவில்லை. ரூட்டரில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8, 1.1.1.1 என்று இரண்டையும் போடுங்கள். போனின் செட்டிங்கில் பிரைவேட் டிஎன்எஸ் என்று தனியாகப் போட்டிருந்தால் சோதிக்கும் வரை அணைத்து வையுங்கள். சில தளங்கள் திறந்து, சில பாதியில் நின்றுவிடுகின்றன என்றால் எம்டியு (MTU) மதிப்பைப் பாருங்கள், ஒரு டேட்டா பொட்டலம் எத்தனை பைட் வரை இருக்கலாம் என்ற அளவு அது. பிபிபிஓஇ ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500 என்பது 1492 ஆக இருக்க வேண்டும்.

போன் பிரச்சினை இதோடு தீரும். கேமராவும் பிரிண்டரும் வேறு கதை. இவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரிந்த பழைய கருவிகள். புதிய ஃபர்ம்வேர் இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் சேர்த்துவிடும் ஸ்மார்ட் கனெக்ட் வசதியை முடுக்கிவிட்டிருக்கலாம். அல்லது வைஃபை பாஸ்வேர்டுக்கான பாதுகாப்பு முறையை 2018ல் வந்த டபிள்யூபிஏ 3க்கு (WPA3) உயர்த்தியிருக்கலாம். பழைய டபிள்யூபிஏ 2, புதிய 3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையில்கூடச் சில பழைய கருவிகள் தடுமாறும். ஸ்மார்ட் கனெக்டை அணைத்து, 2.4க்கு உங்கள் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் கொடுங்கள். 5க்குப் புதுப் பெயர் வையுங்கள். 2.4ல் மட்டும் பாதுகாப்பை டபிள்யூபிஏ 2, ஏஇஎஸ் (WPA2, AES) என்று வைத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். பழைய பெயரையே வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேமரா அந்தப் பெயரை ஞாபகம் வைத்திருக்கிறது. ஏணி போட்டு ஏறி அதை மறுபடி செட்டப் செய்யாமலே தானாக வந்து சேர்ந்துகொள்ளும்.

இதிலும் வரவில்லை என்றால் 2.4ல் வைஃபை 6 முறையை அணைத்துப் பாருங்கள். பிரிண்டர் வைஃபையில் சேர்ந்தும் கணினியில் ஆஃப்லைன் என்று காட்டினால், அதற்கு யாரோ கையால் 192.168.1 என்று தொடங்கும் நிலையான முகவரி கொடுத்திருப்பார்கள். லேனை 192.168.2க்கு மாற்றியதும் அது அநாதையாகிவிடும். பிரிண்டரில் முகவரியைத் தானாக வாங்கும்படி விட்டுவிட்டு, ரூட்டரில் அதற்கு எப்போதும் ஒரே முகவரியைக் கொடுக்கும் அட்ரஸ் ரிசர்வேஷன் போட்டு, கணினியில் பிரிண்டரை ஒருமுறை நீக்கிச் சேர்த்துவிடுங்கள்.

பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது பற்றிக் கேட்டீர்கள். முடியும் மாடல்களும் உண்டு, பின்னால் போக விடாமல் பூட்டிய மாடல்களும் உண்டு. முடிந்தாலும் நான் தயங்குவேன். ஃபர்ம்வேர் அப்டேட்டில் பெரும்பகுதி பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதற்காகவே வருகிறது. 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்களில் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு ஒரே நேரத்தில் தடுமாறியது. மிராய் என்ற தீநிரலின் ஒரு வகை, ரூட்டர்களின் தொலைநிர்வாக வழியைக் குறிவைத்துத் தாக்கியதுதான் காரணம். கம்பெனி கொடுத்த மருந்து புதிய ஃபர்ம்வேர்தான். கேமரா ஒன்று சேரவில்லை என்பதற்காக அந்த மருந்தைத் துப்ப வேண்டியதில்லை, செட்டிங்கை மாற்றினால் போதும்.

அப்படியும் இறக்கியே ஆக வேண்டும் என்றால், ரூட்டரின் அடியில் மாடல் பெயருக்குப் பக்கத்தில் வெர்ஷன் 1, வெர்ஷன் 2 என்று இருக்கும் ஹார்டுவேர் பதிப்பைப் பார்த்து, அதே பதிப்புக்கான கோப்பைத் தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு சிப் இருக்கும். தவறான கோப்பு ஏறினால் பெட்டி எதற்கும் உதவாத செங்கல்லாகிவிடும். வைஃபை வழியாக ஏற்றாமல் லேன் கேபிளில் லேப்டாப்பை இணைத்து ஏற்றுங்கள். ரூட்டர் இன்வெர்ட்டர் உள்ள பிளக்கில் இருக்கட்டும். பாதியில் கரண்ட் போவதுதான் இந்த வேலையின் மிகப் பெரிய ஆபத்து. கீழே இருக்கும் கம்பெனிப் பெட்டியில் மட்டும் இதை முயலவே முயலாதீர்கள். அதன் ஃபர்ம்வேரைக் கம்பெனியே தொலைவிலிருந்து கவனித்துக்கொள்ளும்.

இத்தனையும் பார்த்து எதுவும் நடக்கவில்லை என்றால், அப்போது ரீசெட். அதற்கு முன் நிர்வாகப் பக்கத்தின் ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிபிபிஓஇ பாஸ்வேர்டு புள்ளிகளாகத் தெரிந்தால் படத்தால் பயனில்லை, கம்பெனியிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்ட பிறகே அழுத்துங்கள். பவர் எரியும்போதே ஊசியால் ரீசெட் துளையைப் பத்து விநாடி அழுத்தி, விளக்குகள் மினுக்கியதும் விடுங்கள். சில மாடல்களில் இந்த நேரம் மாறும், கையேட்டில் பாருங்கள். பிறகு பழைய பேக்கப் கோப்பை ஏற்றாதீர்கள். கோளாறு அந்தப் பழைய செட்டிங்கில்தான் ஒளிந்திருக்கிறது என்றால் அதையே திரும்ப அழைத்து வந்ததாகிவிடும். படத்தைப் பார்த்துக் கையால் நிரப்புங்கள், கால் மணி நேரம்கூட ஆகாது. நிர்வாகி பாஸ்வேர்டைப் புதிதாக வைத்து, தொலைநிர்வாகத்தையும், பொத்தானையோ பின் எண்ணையோ வைத்து வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ்ஸையும் (WPS) அணைத்துவிடுங்கள். ரீசெட் அவற்றை மறுபடி திறந்து வைத்திருக்கக்கூடும்.

அதற்குப் பிறகும் நெட் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். ரூட்டரின் மாடல், ஹார்டுவேர் பதிப்பு, ஃபர்ம்வேர் எண், வான் ஐபியின் முதல் இரண்டு எண்கள், லேன் ஐபி ஆகியவற்றைக் கேள்வியோடு சேர்த்து அனுப்புங்கள். பாஸ்வேர்டை மட்டும் அனுப்ப வேண்டாம்.